சிக்னலில் நின்றால் குலுங்கும் கார்: காற்றுப் பாதையை நாமே சுத்தம் செய்யும் முறை

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டிய காற்று மிகக் கொஞ்சம். 1.2 லிட்டர் இன்ஜின் சூடாகி 750 ஆர்பிஎம்மில் நிதானமாகச் சுற்றும்போது நொடிக்குச் சுமார் இரண்டு கிராம் காற்றுதான் உள்ளே போகும். அதுவும் எங்கே வழியாக? இன்ஜினுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் இருக்கும் வட்டத் தகடு, அதாவது மெக்கானிக்குகள் பட்டர்ஃபிளை என்று சொல்வது, கிட்டத்தட்ட மூடிய நிலையில் இருக்கும். அதன் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கில்தான் அந்தக் காற்று நுழைய வேண்டும். அந்த இடுக்கில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் ஐடிலிங் கெடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தகடு அகலத் திறந்துவிடும், அப்போது அந்தப் பிசுக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் 80 கிலோமீட்டர் வேகத்தில் வெண்ணெய் மாதிரி ஓடும் வண்டி, சிக்னலில் நின்றதும் ஸ்டீயரிங்கை உதறுகிறது.

பிசுக்கு வருவது வெளியிலிருந்து மட்டும் இல்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவைப் பிசிவி என்ற அமைப்பு மறுபடி இன்டேக்குக்கே, அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்கே, அனுப்புகிறது. அதோடு எண்ணெய் ஆவியும் வரும். ஃபில்டரைத் தாண்டிய நுண்தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். சூடான இன்ஜினை அணைத்த பிறகு உள்ளே தங்கும் ஆவியும் தகட்டின் மேல்தான் படியும். தகட்டின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கழற்றாமல் ஸ்ப்ரே அடிக்கலாமா என்ற கேள்வி வரும்போது உதவும்.

இந்த வழிகாட்டி நம் ஊரில் அதிகம் ஓடும் சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக், செடான் வண்டிகளுக்கானது. டீசலின் காற்றுப் பாதை வேறு மாதிரி, அதை இங்கே தொடவில்லை.

கழற்றுவதற்கு முன்னால்

ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால், குலுங்கல் காற்றுப் பாதையால்தானா என்று பார்த்துவிடுங்கள். குலுங்கும் வண்டிகள் எல்லாவற்றுக்கும் த்ராட்டில் கிளீனிங் என்று பில் போடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பாதி வண்டிகளுக்கு அது தேவைப்படுவதில்லை என்பது என் கருத்து.

இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏசியை அணைத்து, பானட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். ஒரே தாளத்தில் டுப்... டுப்... என்று மிஸ்ஸிங் அடித்தால், அது ஆர்பிஎம் ஏறினாலும் போகாவிட்டால், ஒரு சிலிண்டர் எரியவில்லை. ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்கிறது, ஆனால் கேபின் மட்டும் அதிர்கிறது என்றால் இன்ஜின் மவுண்ட் போயிருக்கும். மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும், அந்த இன்ஜின்கள் இயல்பாகவே சற்று அதிரும்.

முள் தானாக ஏறி இறங்கி ஆடுகிறதா? ஏசி போட்டதும் ஆர்பிஎம் சரிந்து வண்டி அணையப் பார்க்கிறதா? கிளட்சை மிதித்து நிறுத்த வரும்போது ஆஃப் ஆகிறதா? லேசாக மிதித்தால் எல்லாம் சரியாகிவிடுகிறதா? இவையெல்லாம் காற்றுப் பாதையின் அடையாளங்கள்.

முடிந்தால் இன்ஜின் கணினியின் கோளாறுப் பதிவுகளைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவியை மாட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி ஃபோனில் படிக்கலாம். பி0505, பி0506, பி0507 மூன்றும் ஐடில் சம்பந்தப்பட்ட கோடுகள், அதாவது கோளாறு எண்கள். 0506 என்றால் ஐடில் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, 0507 என்றால் அதிகம். பி0171 கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்லும். பி0301, பி0302 மாதிரி வந்தால் கடைசி எண்தான் மிஸ் ஆகும் சிலிண்டர்.

கோடு இல்லாவிட்டாலும் மூன்று அளவுகளைக் குறித்து வையுங்கள்: சூடான ஐடிலிங்கில் த்ராட்டில் எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது, ஃபியூயல் ட்ரிம் (இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எவ்வளவு, மேப் சென்சார் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டில் இருப்பது) காட்டும் அழுத்தம் எவ்வளவு. சுத்தம் செய்த பிறகு இதே அளவுகளோடு ஒப்பிட்டால்தான் வேலை நடந்ததா என்பது தெரியும். கண்ணால் பளபளப்பைப் பார்த்துத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

என்னென்ன வேண்டும்

த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரே ஒன்று. உங்கள் வண்டியில் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் இருந்தால் அதற்கென்றே வரும் தனி ஸ்ப்ரே ஒன்று. இரண்டும் ஒன்றல்ல. கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். சில த்ராட்டில் பாடிகளின் உள்ளே கம்பெனியே பூசிய மெல்லிய கோட்டிங் உண்டு, கடுமையான கரைப்பான் அதையும் ரப்பர் சீல்களையும் அரிக்கும். வீட்டில் கதவுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இந்த வேலைக்கு ஆகாது, எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

10 எம்எம் சாக்கெட், நட்சத்திரத் தலை பிட்டுகள், ஸ்குரூ டிரைவர், மென்மையான பழைய டூத் பிரஷ். துணி விஷயத்தில் ஒன்று: ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் நூல் விடும், அந்த நூல் இன்ஜினுக்குள் போகும். துவைத்துத் துவைத்துத் தேய்ந்த பருத்தி வேட்டித் துணி இதற்கு அருமை. த்ராட்டில் பாடி பேக்கிங்கை, அதாவது அது மாட்டும் இடத்தில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை, முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு கடைக்கு ஓடினால் ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும்.

கையுறை, கண்ணாடி அவசியம். ஸ்ப்ரே தீப்பற்றும், ஆகவே திறந்த வெளியில், இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு வேலை செய்யுங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் ஆடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் வண்டி என்றால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் பெட்டி

காற்று வரும் வழியிலேயே நாமும் போவோம். பெட்டியைத் திறப்பதற்கு முன் அதன் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திறந்த கையோடு அது உள்ளேதான் விழும்.

ஃபில்டரை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடியுங்கள். மடிப்புகளுக்குள் வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். கம்ப்ரஸரால் ஊதித் திரும்பப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். அவசரத்துக்குச் செய்தால், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த காற்றில் ஊத வேண்டும். பலமாக ஊதினால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். புது ஃபில்டரின் விலைக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை.

பெட்டியின் அடியைக் கவனியுங்கள். வீட்டு வாசலில் நிறுத்தும் வண்டிகளில் எலி கூடு கட்டியிருப்பது சர்வ சாதாரணம்: தேங்காய் நார், துணித் துண்டு, அரிசி எல்லாம் கிடைக்கும். எலி வந்திருந்தால் பக்கத்து வயர்களையும் ஒன்றுவிடாமல் பாருங்கள். கடித்த ஒரு சென்சார் வயரே உங்கள் குலுங்கலுக்குக் காரணமாக இருக்கலாம். பெட்டிக்கு அடியில் சிறு வடிகால் துளை இருந்தால் அதில் அடைப்பை எடுங்கள். ஃபில்டரே எண்ணெயில் நனைந்திருந்தால் பிசிவி பகுதியைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் சுருக்கங்களை விரித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கிளாம்ப் இறுக்கும் இடத்தில் ஒளிந்திருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு வைக்கலாம்.

காற்றை அளக்கும் சென்சார்

இங்கே வண்டிகள் இரண்டாகப் பிரிகின்றன. மாஃப் சென்சார் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்தே குழாயில் இருக்கும், சூடான மெல்லிய கம்பியின் மேல் காற்றுப் போவதை வைத்து எடையை அளக்கும். மேப் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டின் மேல் இருக்கும், உள்ளே உள்ள அழுத்தத்தை அளக்கும். நம் ஊரின் சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் மேப்தான்.

மாஃப் இருந்தால்: கனெக்டரின் பூட்டை அழுத்தி எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். திருகுகளைக் கழற்றி சென்சாரை நேராக வெளியே எடுத்து, அதற்கான ஸ்ப்ரேயை ஒரு சாண் தூரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை விட்டு விட்டு அடியுங்கள். துணி, பட்ஸ், பிரஷ், விரல் எதுவும் கம்பியில் படக் கூடாது. தொட்டால் அறுந்துவிடும், விலை ஆயிரங்களில். தானாகக் காயட்டும், ஊத வேண்டாம். எண்ணெய் தடவும் வகை ஸ்போர்ட்ஸ் ஃபில்டர் போட்டிருப்பவர்களுக்கு இந்தக் கம்பி சீக்கிரம் அழுக்காகும்.

மேப் இருந்தால்: கழற்றி அதன் துளையைப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து, மின்னணு பாகங்களுக்கு ஆகும் ஸ்ப்ரேயை இரண்டு மூன்று முறை லேசாக அடித்து வடியவிடுங்கள். ஊசியை உள்ளே விட்டுக் குத்தினால் உள்ளிருக்கும் சவ்வு கிழியும். ஓ-ரிங் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. பேட்டரியை மாட்டிய பிறகு, இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் ஆன் செய்தால், மேப் சென்சார் வெளிக் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 கிலோபாஸ்கலை ஒட்டி, ஊட்டியில் 77 வாக்கில். ஸ்டார்ட் செய்து சூடான பின், ஏசி இல்லாமல், 30 முதல் 40 வரை இறங்க வேண்டும். 50-க்கு மேலேயே நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது, அல்லது இன்ஜினுக்குள்ளேயே வேறு கோளாறு.

த்ராட்டில் பாடி

கழற்றாமல், குழாயை மட்டும் எடுத்துவிட்டு முன்பக்கத்திலிருந்து ஸ்ப்ரே அடித்துத் துடைப்பதை நிறைய பேர் செய்கிறார்கள். அரை மணி நேரத்தில் முடியும், ஆனால் அதிக அழுக்குள்ள பின்பக்கம் அப்படியே இருக்கும், கரைந்த கரி மேனிஃபோல்டுக்குள் போகும். நான்கு போல்ட்டைக் கழற்றத் தெரிந்தவர்கள் முழுதாகக் கழற்றிச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் ஃபோனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். கனெக்டரைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் த்ராட்டில் பாடிக்குள் கூலன்ட் குழாய் இரண்டு போகும். அவற்றைக் கழற்ற வேண்டி வந்தால் கொஞ்சம் கூலன்ட் சிந்தும், முனைகளை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள், பிறகு அளவைச் சரிபார்த்து ஊற்றிக்கொள்ளலாம். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தளர்த்தி எடுத்ததும், மேனிஃபோல்டின் வாயைச் சுத்தமான துணியால் உடனே மூடுங்கள். அங்கே ஒரு வாஷர் விழுந்தால் மேனிஃபோல்டையே இறக்க வேண்டியதாகிவிடும்.

இன்றைய வண்டிகளில் கேபிள் கிடையாது, தகட்டை மோட்டார் திறக்கிறது. கனெக்டர் மாட்டி இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அங்கே விரலை விடவே கூடாது. தகடு திடீரென மூடும், விரல் நசுங்கும். உள்ளே உள்ள பல்சக்கரங்கள் பல வண்டிகளில் பிளாஸ்டிக். கழற்றிய நிலையில் தகட்டைத் திறக்க வேண்டுமானால் விரலால் மெதுவாக, ஒரே சீராகத் தள்ளிப் பிடித்து, மெதுவாகவே விடுங்கள். டப்பென்று விட்டால் பற்கள் உடையலாம். கையால் திறக்கவே கூடாது என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொன்னால், அதுதான் இறுதி வார்த்தை.

மோட்டார் பக்கம் மேலே இருக்கும்படி பிடியுங்கள், அப்போதுதான் திரவம் அதற்குள் இறங்காது. ஸ்ப்ரேயை நேராகப் பீய்ச்சாமல், துணியில் நனைத்துத் துடைப்பதிலிருந்து தொடங்குங்கள். பிடிவாதமான கரிக்கு பிரஷ்ஷில் அடித்து லேசாகத் தேய்க்கலாம். தகட்டின் விளிம்பும், அது மூடும்போது சுவரில் தொடும் வளையமும்தான் முக்கியமான இடம். மற்ற இடங்களில் கொஞ்சம் கறை நின்றாலும் பாதகமில்லை. தகட்டின் அச்சு சுவருக்குள் நுழையும் இரண்டு முனைகளையும் நனைக்காதீர்கள், அங்கே சீல் இருக்கிறது. கத்தி, எமரி பேப்பர், கம்பி பிரஷ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. விளிம்பில் விழும் ஒரு கீறல், நிரந்தரக் காற்றுக் கசிவு.

முடிந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தகட்டைச் சுற்றி ஒரே சீரான மெல்லிய ஒளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருண்டிருந்தால் அங்கே இன்னும் கரி இருக்கிறது.

பழைய வண்டிகளில் தகட்டை நிறுத்தும் சிறு திருகு ஒன்று தெரியும். ஐடில் அட்ஜஸ்ட் செய்வதற்கு என்று நினைத்து அதைத் திருப்புபவர்கள் உண்டு. அது கம்பெனியில் அளந்து வைத்தது. கார்புரேட்டர் காலத்து அம்பாஸடரில் பழகிய கை இங்கே அடங்கியிருக்கட்டும்.

திரும்ப மாட்டும்போது பழைய பேக்கிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரு முகங்களையும் துடைத்து, போல்ட்டுகளைக் கையாலேயே முதலில் ஏற்றி, பிறகு குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எம்6 அளவு போல்ட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு, உங்கள் வண்டிக்குரியது மேனுவலில் இருக்கும். மேனிஃபோல்ட் பிளாஸ்டிக் என்பதால் முழு பலத்தைக் காட்டினால் மரை கழன்று வரும்.

கேபிள் வண்டிகளில் ஐடில் வால்வு

பழைய சான்ட்ரோ, எஸ்டீம் காலத்து வண்டிகளில் தகட்டைக் கேபிள் இழுக்கும். ஐடிலிங் காற்றுக்குத் தனிப் பக்கவழியும், அதைத் திறந்து மூட ஒரு சிறு வால்வும் இருக்கும். குலுங்கலுக்குப் பல நேரம் இந்த வால்வுதான் காரணம். திருகுகளைக் கழற்றி எடுத்து, முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து, கரி உள்ள பகுதியை மட்டும் நனைத்த பிரஷ்ஷால் தேயுங்கள். மோட்டார் பக்கம் ஈரம் படக் கூடாது. ஊசிபோல நீண்டிருக்கும் முனையை அழுத்தவோ இழுக்கவோ வேண்டாம். கழற்றிய நிலையில் கனெக்டரை மாட்டி இக்னிஷன் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம், முனை அளவுக்கு மீறி வெளியே வந்துவிடும். த்ராட்டில் பாடியில் உள்ள அந்தப் பக்கவழித் துளையையும் ஸ்ப்ரே விட்டுத் துடையுங்கள்.

பிசிவியும் ரப்பர் ஹோஸ்களும்

சுத்தம் செய்த கையோடு இதையும் பார்க்காவிட்டால் சில மாதங்களில் அதே பிசுக்கு திரும்பும். பிசிவி வால்வு தனியாகக் கழலும் வண்டி என்றால் எடுத்துக் குலுக்குங்கள், கடகடவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் இல்லையென்றால் அடைத்திருக்கிறது, விலையும் பெரிதில்லை, மாற்றிவிடுங்கள். வால்வு கவருக்குள்ளேயே சவ்வாக இருக்கும் வண்டிகளில், இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முயலுங்கள். பலமாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டால் சவ்வு கிழிந்திருக்கலாம்.

பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைத் தடவிப் பாருங்கள். பிரேக்கை மிதிக்கும்போது ஐடிலிங் மாறி, பெடல் பக்கம் உஸ்ஸென்று சத்தம் வந்தால் பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ கசிவு. பெட்ரோல் டாங்க் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு திறந்தபடியே சிக்கினாலும் ஐடிலிங் குலுங்கும். அதற்கு ஒரு தனி அடையாளம் உண்டு: பங்க்கில் டாங்க் நிரப்பிய உடனே வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

ஒரு நுணுக்கம். மாஃப் உள்ள வண்டியில், அளக்கப்படாத காற்று நுழைவதால் ஐடிலிங்கில் ஃபியூயல் ட்ரிம் பத்துச் சதவீதத்துக்கு மேல் போகும், 2500 ஆர்பிஎம்மில் இறங்கிவிடும். மேப் வண்டியில் கசிந்து வரும் காற்றும் அழுத்தமாக அளக்கப்பட்டுவிடுவதால் ட்ரிம் அதிகம் மாறாது, ஐடிலிங்தான் ஏறும். ட்ரிம் சரியாக இருக்கிறதே என்று கசிவைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

மாட்டிய பிறகு

இந்த இடத்தில்தான் நிறைய பேர் பயந்துபோகிறார்கள். சுத்தம் செய்து மாட்டி ஸ்டார்ட் செய்தால் ஆர்பிஎம் 1300, 1500 என்று நிற்கும், சில வண்டியில் பி0507 கோடும் வரும். காரணம் எளிது. அழுக்கு சேரச் சேர, ஐடிலிங்கைக் காப்பாற்ற ஈசியு என்ற இன்ஜின் கணினி தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து, அதையே நினைவில் வைத்திருக்கிறது. இப்போது அழுக்கு இல்லை, பழைய கணக்கு மட்டும் இருக்கிறது. கூடுதல் காற்று நுழைகிறது.

பேட்டரி முனையை கால் மணி நேரம் கழற்றி வைத்து மாட்டினால் பல வண்டிகளில் அந்தக் கணக்கு அழியும். பிறகு ஏசி, லைட், ஆடியோ எல்லாம் அணைத்த நிலையில் இக்னிஷனை ஆன் செய்து அரை நிமிடம் காத்திருங்கள். அணைத்து, கொஞ்சம் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே தங்கிய ஸ்ப்ரே எரிவதால் ஸ்டார்ட் ஆகச் சற்றுத் தாமதமாகலாம், கொஞ்சம் புகையும் வரலாம். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை அப்படியே விடுங்கள். அப்புறம் ஏசியைப் போட்டுச் சில நிமிடம். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கை மிதித்தபடி டி-யில் வைத்தும் சில நிமிடம். பிறகு நின்று நின்று போகும் ஊர்ச் சாலையில் ஒரு சுற்று.

எல்லா வண்டிகளும் இந்த வழிக்கு வராது. நிஸான் போன்ற சில தயாரிப்புகளுக்குத் தனிப் படிமுறையே உண்டு, வேறு சிலவற்றுக்கு தகட்டின் நிலையைப் புதிதாகக் கற்கவைக்கும் த்ராட்டில் அடாப்டேஷன் கட்டளையை ஸ்கேனரில் கொடுத்தால்தான் அடங்கும். அதற்கு ஒரு மெக்கானிக்கிடம் ஸ்கேன் போடச் சொல்வதில் தவறில்லை. இரண்டு நாள் ஓட்டியும் 1000-க்குக் கீழே வராவிட்டால் கணக்குப் பிரச்சினை இல்லை, ஏதோ ஹோஸ் மாட்டவில்லை அல்லது பேக்கிங் சரியாக உட்காரவில்லை. எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக நடந்திருந்தால், முன்பு குறித்து வைத்ததைவிட இப்போது சூடான ஐடிலிங்கில் த்ராட்டில் திறப்பு குறைந்திருக்கும், ஏசி போடும்போது முள் சற்றுத் தயங்கி உடனே நிமிரும்.

இன்னும் குலுங்கினால்

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ வண்டிகளில், இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. கரி அங்கே கெட்டியாகப் படியும். த்ராட்டிலில் அடிக்கும் ஸ்ப்ரே அதைத் தொடாது. மேனிஃபோல்டை இறக்கி, வால்நட் ஓட்டுத் தூளை அடித்து எடுக்கும் வேலை அது, வீட்டில் செய்வதல்ல.

சாதாரண இன்ஜின் என்றால் காயில்களை இடம் மாற்றிப் பாருங்கள். முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாட்டி ஓட்டும்போது பி0301 போய் பி0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. கோடு அங்கேயே நின்றால் பிளக்கை அதேபோல் மாற்றுங்கள், அதற்கும் மசியாவிட்டால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட்.